இன்னொரு வண்டியின் கிலோமீட்டர்

என் கடைக்கு யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. பிறந்த குழந்தையின் சான்றிதழை நகல் எடுக்க வருகிறவர்கள்கூட, பெயரில் ஒரு கொம்பு குறைகிறது என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வருவார்கள். ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், காற்று வராத ஒரு மின்விசிறி. இருபது வருஷமாக ஊராரின் கஷ்டத்தை ஒன்றுக்கு இரண்டாக்கிக் கொடுத்துத்தான் என் வயிறு நிறைகிறது. மனு, விண்ணப்பம், வக்கீல் நோட்டீசுக்குப் பதில், எதுவானாலும் தட்டித் தருவேன். வாய் கொஞ்சம் நீளம் என்று தெருவில் ஒரு பெயர் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

எதிர்வீட்டை ஐஸ்கார வீடு என்போம். அண்ணன் தம்பி இரண்டு பேர், இரண்டு மருமகள்கள், ஒரே அடுப்பு. ஐஸ் பாக்டரியில் பாளம் பாளமாக ஏற்றி, மரத்தூள் தூவி, சாக்கு போட்டு மூடி, மீன் கடைகளுக்கும் ஜூஸ் கடைகளுக்கும் கொண்டுபோய் இறக்குவது அவர்கள் தொழில். விடிவதற்கு முன்னால் போனால் பதினோரு மணிக்கு வண்டி வாசலில் வந்து நிற்கும். பின்கதவு இடுக்கு வழியாகச் சாயங்காலம் வரை தண்ணீர் சொட்டும். அந்த இடத்துச் சிமெண்டில் பாசியே பிடித்திருந்தது.

பெரியவர் நெடுநெடுவென்று இருப்பார், பேச மாட்டார். சின்னவன் அதற்கும் சேர்த்துப் பேசுவான். ஈரச் சட்டையோடு என் கடைக்குள் வந்து, "அக்கா, மெஷின் கொதிக்குது, உங்களை மாதிரியே. தலையில ஒரு துண்டு ஐஸ் வைக்கட்டுமா?" என்பான். நான் ஸ்கேலை எடுத்தால்தான் ஓடுவான்.

அவன் போய் ஐந்து மாதம் ஆகிறது.

ஏழாவது கடைக்கு ஐஸ் போட்டுவிட்டு எட்டாவது கடைக்குப் போகிற வழியில், வாய்க்கால் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் வண்டி மோதி உருண்டுவிட்டது. ஓடி வந்தவர்கள் இரண்டு பேரையும் இழுத்துப் போட்டார்கள். சின்னவன் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. பெரியவருக்கு இடது கை முறிந்தது, நெற்றியில் பதினாறு தையல். போலீஸ் கேட்டதற்கு அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: நான்தான் ஓட்டினேன், கண் அசந்துவிட்டது.

அன்றிலிருந்து சின்னவன் மனைவி, எங்களுக்குச் சின்னவள், அவரோடு பேசுவதில்லை. ஒரே கூரைக்குக் கீழே, ஒரே சோற்றுப் பானையில் சாப்பிட்டுக்கொண்டு, ஐந்து மாதம். அவள் கூடத்துக்கு வந்தால் அவர் எழுந்து வாசலுக்குப் போவார். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, வண்டி நின்ற இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். மத்தியான வெயிலில் அப்படியே கண் மூடுவார். திடீரென்று அவருடைய வலது கால் தரையை ஓங்கி மிதிக்கும். நாற்காலி பின்னால் நகரும். விழித்து யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்ப்பார். நான் பேப்பர் கட்டைப் பிரிக்கிற மாதிரி குனிந்துகொள்வேன்.

சின்னவளும் சரியாக இல்லை. விடியும் நேரத்தில் வாசலில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்கிறது என்றாள். கதவைத் திறந்து பார்த்தால் சிமெண்ட் காய்ந்து கிடக்கிறதாம். பாசிகூட உதிர்ந்துவிட்டது. உனக்குத் தூக்கம் போதவில்லை, டாக்டரைப் பார் என்று சொல்லி அனுப்பினேன். சொன்னேனே தவிர, மறுநாள் காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது நானும் அந்த இடத்தைத்தான் முதலில் பார்த்தேன்.

இன்சூரன்ஸ் கம்பெனிக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு அவள் வந்தது ஒரு திங்கட்கிழமை. வண்டி அவள் புருஷன் பெயரில் இருந்தது. அவள் கழுத்திலும் கையிலும் கிடந்ததை விற்றுத்தான் முன்பணம் கட்டினார்கள், அதனால் அண்ணனே தம்பி பெயரில் எழுதச் சொன்னாராம். இனி அதைச் சரிசெய்து ஓட்ட முடியாது, முழுச் சேதம் என்று கம்பெனி ஒத்துக்கொண்டிருந்தது. விலையைத்தான் எண்பத்தையாயிரம் என்று போட்டிருந்தார்கள். காரணம் மூன்று: அளவுக்கு மீறி ஓடிய வண்டி, அடித்தகடு துரு, பராமரிப்பு மோசம்.

அவள் அந்தக் கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு சொன்னாள்: "என் புருஷன் வண்டியைக் குப்பைன்னு எழுதியிருக்காங்கக்கா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை புள்ளையைக் குளிப்பாட்டுறதுக்கு முன்னாடி வண்டியைக் குளிப்பாட்டுன மனுஷன். பணம் வருதோ இல்லையோ, இந்த வரியை அவங்க எடுக்கணும்."

பணமும் வேண்டும்தான். பழைய வண்டி ஒன்றை வாங்கி ஆள் போட்டு ஓட்டினால் அவளும் இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகளும் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். எண்பத்தையாயிரத்துக்கு வண்டி வராது, வண்டியின் கதவுதான் வரும். பெரியவரோ, கொடுப்பதை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல் என்று தன் மனைவி மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. "உசிரையும் எடுத்துட்டு இப்ப விலையும் பேசுறாரு" என்றாள் சின்னவள். எனக்கும் வயிறு எரிந்தது. வார்த்தைக்கு வார்த்தை ஆணி அடிக்கிற மாதிரி ஓர் ஆட்சேபணைக் கடிதம் தட்டிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

பத்து நாளில் மறு ஆய்வுக்கு வரச் சொன்னார்கள். துணைக்கு நானும் போனேன். உடைந்த வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்த யார்டு அது. மழை பெய்து விட்ட வெயில், தகரமெல்லாம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஐஸ் வண்டி கடைசியில் நின்றது. முன்பக்கம் முழுக்க நசுங்கி, கண்ணாடி இருந்த இடத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். பின்னால் மரத்தூள் இன்னும் ஒட்டிக் கிடந்தது, பூஞ்சை பூத்து. அவள் பின்கதவின் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாளே தவிர, முன்பக்கம் வரவில்லை.

கம்பெனி அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. சட்டைக் காலருக்குக் கீழே கைக்குட்டை வைத்துக்கொண்டு, தினம் பத்துச் சாவுவீட்டுக்குப் போய்வருகிறவர் மாதிரி களைத்துப்போயிருந்தார். ஐஸ் தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கத்தான் செய்யும், அதை நான் பெரிதாக எடுக்கவில்லை, கிலோமீட்டர்தான் இடிக்கிறது என்றார். மீட்டரைப் பார்க்கத் தார்ப்பாயை விலக்கித் தலையை உள்ளே விட்டார். அதன் கண்ணாடி மங்கலாக இருந்தது. கைக்குட்டையால் துடைத்து, மூக்கு இடிக்கக் குனிந்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். மூன்று லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரத்துச் சொச்சம்.

"அது இந்த வண்டி ஓடினது இல்ல சார்" என்றாள் சின்னவள்.

தெருவுக்கே தெரிந்த கதைதான் அது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வண்டியின் மீட்டர் செத்துப்போனது. புதிது வர மாதக்கணக்காகும் என்றார்கள். பாக்டரிக்காரன் கிலோமீட்டர் கணக்குப் பார்த்துத்தான் வாடகை கொடுப்பான், மீட்டர் இல்லாமல் ஒரு நாள்கூட முடியாது. அண்ணனும் தம்பியும் பழைய இரும்புக் கடைக்குப் போய், உடைத்துப் போட்ட வேறொரு வண்டியின் மீட்டரைக் கழற்றி வந்து மாட்டிவிட்டார்கள். அந்த வண்டி ஓடிய தூரம் அப்படியே இந்த வண்டியின் தலையில் ஏறிவிட்டது. "ஒரே நாள்ல ரெண்டே முக்கால் லட்சம் கிலோமீட்டர் ஓடிட்டோம்க்கா. எந்த ஊருக்குப் போனோம்னுதான் ஞாபகம் இல்ல" என்று சின்னவன் என் கடையில் உட்கார்ந்து சிரித்தான். கண்ணாடி அப்போதே மங்கல்தான். அந்த வண்டி எப்படி உடைந்தது, அதில் யார் இருந்தார்கள் என்று இரும்புக் கடையில் யாரும் கேட்கவில்லை.

அதிகாரி பொறுமையாகக் கேட்டார். வாயால் சொன்னால் மேலிடம் நம்பாது, மீட்டர் மாற்றிய நாளுக்கு ஆதாரம் வேண்டும் என்றார். ஆதாரம் இருந்தது. கடைக்குக் கடை கிலோமீட்டரைக் குறித்துவைக்கிற ட்ரிப் நோட்டுகள். ஓட்டுகிறவன் பேனாவைத் தொடக் கூடாது என்பது பெரியவர் போட்ட சட்டம். அண்ணன் ஓட்டுவார், தம்பி பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவான். ஆறு வருஷ நோட்டுகள் சின்னவளின் பீரோவில் இருந்தன. முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை அசல் எல்லாம் வேண்டும், நடுவில் ஒன்று விட்டுப்போனாலும் கோப்பு நிற்காது, இருந்தால் இரண்டேகால் லட்சத்துக்கு நானே எழுதுகிறேன், பராமரிப்பு பற்றிய வரியையும் எடுத்துவிடலாம் என்றார் அவர். திரும்பும் வழியெல்லாம் சின்னவள் பேசிக்கொண்டே வந்தாள். ஐந்து மாதத்தில் அவள் அத்தனை பேசி நான் கேட்டதில்லை.

பெரியவர் காதுக்கு விஷயம் போனது. கடைசி நோட்டு வாய்க்கால் தண்ணீரில் போய்விட்டது, இனி அதை விடச் சொல் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் அது போகவில்லை. விபத்து நடந்த புதிதில் சின்னவள் முதல் தடவை யார்டுக்குப் போனபோது, காவல்காரர் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்திருந்தார். ஒரு செருப்பு, ஐஸ் இழுக்கிற கொக்கி, ஒரு நோட்டு. புருஷனின் கடைசி எழுத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல், முடிச்சை அவிழ்க்காமலே பீரோவின் அடியில் வைத்திருந்தாள். பெரியவருக்கு அது தெரியாது.

நோட்டுகளை நகல் எடுத்துக்கொண்டுதான் அசலைக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். ஒரு மழைநாள் காலையில் சாக்கில் சுற்றித் தூக்கி வந்தாள். என் கையில் கொடுக்கவில்லை. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாகத் தானே திருப்பிக் கண்ணாடியில் கவிழ்த்தாள். நான் பட்டனை அழுத்தினேன். சாய்ந்த பொடி எழுத்து அவனுக்கு. கடைகளுக்கு அவன் வைத்திருந்த பெயர்களைப் படித்து இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். குண்டு ஜூஸ். கோபக்கார மீன். பாக்கிக்கார மீன். மீட்டர் மாற்றிய நாள் வந்தது. ஒரு வரியில் எழுபத்தெட்டாயிரம், அடுத்த வரியில் மூன்று லட்சத்து ஐம்பத்து மூன்றாயிரம், நடுவில் 'புதுப் பழைய மீட்டர், வாழ்க' என்று எழுதியிருந்தான். இது போதும், அவர்கள் வாயை அடைக்க இதுவே போதும் என்றேன்.

பத்தரை மணிக்குப் பிளாஸ்டிக் பையை எடுத்தாள். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தாள். ஈரம் பட்டுக் காய்ந்த நோட்டு, பக்கங்கள் ஒட்டியிருந்தன. கடைசி நாளின் பக்கத்தைப் பிரித்தவள் அதைக் கண்ணாடியில் வைக்கவில்லை. மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா" என்றாள், "ஏழுக்கு நடுவுல குறுக்குக்கோடு யாரு போடுவா?"

எனக்குத் தெரியும். என் கடையில் எத்தனை தாளில் பார்த்திருக்கிறேன். பெரியவர் ஐந்தாவதோடு நின்றவர். ஒன்றும் ஏழும் குழம்பக் கூடாது என்று பாக்டரிக் குமாஸ்தா அவருக்குப் பழக்கிவிட்டது அது. பக்கம் முழுக்கப் பெரிய பெரிய எழுத்து. முதல் கடையிலிருந்து ஆறாவது கடை வரை அவர் கைதான். ஏழாவதில் கடைப்பெயர் இருந்தது, கிலோமீட்டர் கட்டம் காலி.

எழுதியது அவர் என்றால் ஓட்டியது யார்? என் கண் மேஜை இழுப்பறைக்குப் போனது. சின்னவனின் லைசென்ஸ் தேதி முடிந்துபோய், புதுப்பிக்கிற விண்ணப்பத்தை நான்தான் நிரப்பி அதில் வைத்திருந்தேன். இரண்டு போட்டோ கொண்டுவா என்றதற்கு, முகத்தில் பரு இருக்கிறது, அது போனதும் எடுக்கிறேன் என்று நாள் கடத்தினான். அவன் சாகும்போது லைசென்ஸ் முடிந்து பதினோரு நாள். அவன் ஓட்டினான் என்று தெரிந்தால் கம்பெனி இரண்டேகால் லட்சமும் தராது, எண்பத்தையாயிரமும் தராது. போலீசில் பொய் சொன்னதற்குப் பெரியவர் மேல் வழக்கு வேறு வரும்.

சின்னவள் எழுந்தாள். நீங்களும் வாங்க என்று மட்டும் சொன்னாள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பின்னால் போனேன்.

மழைக்காகப் பெரியவர் நாற்காலியைக் கூடத்துக்குள் போட்டிருந்தார். அவர் மனைவி தரையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சின்னவள் உள்ளே வந்ததும் அவர் வழக்கம்போல எழப் போனார். அவள் நோட்டைப் பிரித்து அவர் மடியில் வைத்தாள்.

"ஏழாவது கடைக்குக் கிலோமீட்டர் எழுதலையே மாமா."

ஐந்து மாதத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. அவர் நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு முறிந்து சேர்ந்த கையால் பக்கத்தைத் தடவினார். பேச ஆரம்பித்தபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். கண்ணைத் திறக்க முடியல. அவன் சாவியைப் புடுங்கிக்கிட்டான். லைசென்ஸ் இல்லடான்னேன். பதினோரு நாள்தானேண்ணே, போலீஸ்காரன் இன்னும் பாயிலேருந்தே எந்திரிச்சிருக்க மாட்டான்னான். சரின்னு நான் உக்காந்து எழுதினேன். வண்டி நின்னப்புறம்தான் கேட்டு எழுதணும். ஏழாவது கடையில கேக்க மறந்துட்டேன், காய்ச்சல் மயக்கம். கிளம்பினப்புறம் ஞாபகம் வந்துச்சு. பழைய மீட்டரா இருந்தா நானே எட்டிப் பாத்திருப்பேன். இது குனிஞ்சாத்தானே தெரியும். கிலோமீட்டர் எவ்வளவுடான்னு கேட்டேன். அவன் குனிஞ்சான்."

பெரியவள் அரிசித் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"மூணு லட்சத்துன்னான்" என்றார் பெரியவர். "அவ்வளவுதான் சொன்னான். நான் பாலத்தைப் பாத்துட்டேன். காலை அமுக்கினேன், இருக்கிற பலமெல்லாம் போட்டு அமுக்கினேன். என் பக்கம் ஏதும்மா பிரேக்?"

சொல்லும்போதே அவர் வலது கால் தரையை மிதித்தது. சின்னவள் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கண் அசந்ததாக ஏன் சொன்னீர்கள் என்று கேட்டாள்.

"அவன் ஓட்டினான்னா உனக்கு ஒண்ணும் வராது. அது ஒண்ணு. இன்னொண்ணு, நான் கேட்டதனாலதானே அவன் குனிஞ்சான். நான்தான் கொன்னேன்னு சொன்னது முழுப் பொய்யா என்ன? நீ உள்ள திட்டினது காதுல விழுந்தப்பல்லாம் சரியாத்தான் திட்டுறேன்னு நெனச்சுக்குவேன். என்னைத் திட்டினா உனக்குக் கொஞ்சம் ஆறும். அவனைத் திட்டவேண்டி வந்தா உனக்கு என்ன மிஞ்சும்?"

பெரியவள்தான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த ஒரு பக்கத்தை மட்டும் கிழித்துவிடலாமே என்றாள். அதை நானும் யோசித்திருந்தேன் என்று ஒத்துக்கொள்கிறேன். பக்கத்துக்கு நம்பர் அடித்த நோட்டு அது, கிழித்தால் அதிகாரிக்குத் தெரிந்துவிடும் என்றேன். தெரியாவிட்டாலும் கிழிக்க விடமாட்டேன் என்றாள் சின்னவள். அவன் கடைசியாகப் போன கடைகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

நோட்டை அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். கதவு வரை போய் நின்றாள்.

"நீங்க கேட்டிருக்க வேண்டாம் மாமா."

"வேண்டாம்மா" என்றார் அவர். "கேட்டிருக்க வேண்டாம்."

அவள் மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன். அன்று மத்தியானம் அவள் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள், அவரும் எழுந்து போகவில்லை. இரண்டு பேரும் ஒருவர் தட்டை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டதாகப் பெரியவள் பிறகு சொன்னாள்.

மறுநாள் கடை திறந்ததும் சின்னவள் வந்தாள். ஆட்சேபணையைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் எழுத வேண்டும். நான் விடவில்லை. வேறு வழி பார்க்கலாம், மெக்கானிக்கைச் சாட்சிக்குக் கூப்பிடலாம், இரும்புக் கடைக்காரனைக் கேட்கலாம் என்று கத்தினேன். அவள் அதிகாரிக்குப் போன் போட்டாள், நீங்களே கேளுங்கள் என்று எனக்கும் ஸ்பீக்கரில் வைத்தாள். எந்த வழியாக வந்தாலும் கடைசி நாள் வரைக்குமான நோட்டைப் பார்க்காமல் முடியாது என்றார் அவர். ஆதாரம் இருக்கிறது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், காரணம் சொல்லாமல் பின்வாங்கினால் விசாரணைக்கு ஆள் அனுப்புவார்கள் என்றும் சொன்னார். நல்லதுக்குத்தான் சொன்னார் பாவம்.

"குடும்பச் சூழ்நிலைன்னு போடட்டுமா?" என்றேன்.

"அது பத்தாதுக்கா. நான் சொல்றேன், நீங்க அடிங்க."

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நோட்டுகளில் முன்னே சொன்ன ஆதாரம் எதுவும் இல்லை. மீட்டரில் காட்டுகிற தூரமெல்லாம் வண்டி ஓடியதுதான். அடித்தகடு துருப்பிடித்தது உண்மை. அதற்குமேல் அவளுக்கு வரவில்லை. நான் விரலைக் கீபோர்டில் வைத்தபடி காத்திருந்தேன். ஒரு வரிதான் பாக்கி, அது என்ன வரி என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

"என் கணவர் வண்டியைச் சரியாகப் பராமரிக்கவில்லை" என்றாள். "அவங்க எழுதின மாதிரியே போடுங்கக்கா."

அடித்தேன். என் தொழிலில் நான் அடித்த வரிகளில் அந்த ஒன்றை மட்டும் திரும்பப் படித்துப் பிழை பார்க்கவில்லை. அவள் படித்தாள், இரண்டு தடவை. கீழே கையெழுத்துப் போட்டாள், பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"தேதியை நீங்க போட்டுடுங்கக்கா. எனக்கு நம்பர் எழுதக் கை வரல."